எழுபத்திரண்டில் ஒரு பங்கு

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, நாட்டின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் வேண்டும். மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முழுக்கக் கறுப்பு வண்ணம் பூசித் தர வேண்டும். பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டுச் சில மாதங்கள்கூட ஆகவில்லை. தொலைவில் புள்ளியாகத் தெரியும் விமானம் எதிரியுடையதா நம்முடையதா என்பதைக் கப்பலில் துப்பாக்கியின் பின்னால் நிற்கும் இளைஞன் சில நொடிகளில் சொல்லியாக வேண்டும். அதைப் பழக்கப் படங்கள் போதவில்லை. மேலிருந்து, கீழிருந்து, சாய்வாக, நேர் எதிரே என எப்படித் திருப்பினாலும் பார்க்கக்கூடிய உருவம் தேவைப்பட்டது.

அந்த மாதிரிகளுக்கு வகுத்த அளவு 1/72. வகுப்பறையில் ஒன்றை 35 அடி தள்ளிப் பிடித்துக்கொண்டால், அசல் விமானம் ஏறத்தாழ அரை மைல் தொலைவில் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். 35-ஐ 72-ஆல் பெருக்கினால் 2,520 அடி. அரை மைல் என்பது 2,640 அடி. கண் ஒரு பொருளின் நீளத்தை நேரடியாக அளப்பதில்லை. அந்தப் பொருள் கண்ணில் எவ்வளவு கோணம் பிடிக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். 11.23 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட ஸ்பிட்ஃபயர் அந்தத் தொலைவில் முக்கால் டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான கோணம் பிடிக்கும். முழுநிலவு பிடிப்பது அரை டிகிரி. இறக்கைகளை முழுதாக விரித்த போர் விமானம் ஒன்று, அரை மைலில் நிலவைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சுடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

கறுப்பு வண்ணத்துக்கும் காரணம் இருந்தது. வெளிச்சமான வானத்தின் முன்னால் வரும் விமானத்தில் நிறமோ சின்னமோ தெரியாது, வெளிக்கோடு மட்டுமே தெரியும். இறக்கை உடலோடு எங்கே சேர்கிறது, அதன் நுனி உருண்டையா வெட்டிவிட்டதுபோல் நிற்கிறதா, வால் எவ்வளவு உயரம் என்பவைதாம் அடையாளங்கள். நிறத்தை நீக்கிவிட்டால் மாணவனின் கண் வேறு வழியில்லாமல் வடிவத்தைக் கற்றுக்கொள்ளும்.

1/72 அமெரிக்கர்கள் கண்டுபிடித்த அளவல்ல. ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம் ஆகிவிடுகிற விகிதம் அது. அடியும் அங்குலமும் புழங்கிய பிரிட்டனில் 1930-களின் தொடக்கத்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரில் வந்த மரத் தொகுப்புகள் அதைப் பரப்பின. 1936-இல் 'ஃப்ராக் பெங்குயின்' என்ற பெயரில் முதல் பிளாஸ்டிக் கிட்டுகள் வந்தன. அவற்றின் பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிட்டேட். அதை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள் ஆண்டுகள் போகப் போகக் கசிந்து வெளியேறிவிடும், பிளாஸ்டிக் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். இன்று அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் அந்தக் கால மாதிரிகளில் பல இறக்கை வளைந்தே இருப்பது இதனால்தான். போருக்குப் பின் பாலிஸ்டைரீன் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. 1953-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு இரண்டு ஷில்லிங்குக்கு விற்ற ஸ்பிட்ஃபயர், அந்த நிறுவனத்தின் முதல் விமானக் கிட். கையிருப்புக் காசில் ஒரு சிறுவன் வாங்கக்கூடிய விலை அது. பொழுதுபோக்கு அங்கிருந்து உலகம் முழுவதும் போயிற்று.

மாதிரி விமானம் கட்டுவதைப் பொறுமையின் கலை என்று பலர் சொல்வார்கள். பொறுமை வேண்டும்தான். ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்கும் எவரும் முதல் நாளிலிருந்தே மோதுவது வேறொன்றோடு: விமானத்தின் நீள அகலங்களை 72-ஆல் வகுக்கலாம், காற்றையும் ஒளியையும் புவியீர்ப்பையும் திரவங்களின் பரப்பு இழுவிசையையும் வகுக்க முடியாது. அவை மேசை மேலும் அசல் அளவிலேயே இருக்கின்றன. இந்தப் பொழுதுபோக்கின் ஒவ்வொரு தந்திரமும், ஒவ்வொரு சச்சரவும் இந்த ஒரே இடத்தில் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் தடிமனைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் மேல்தோல், மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான அலுமினியத் தகடு. அதை 72-ஆல் வகுத்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரும். மனித முடியின் தடிமனில் ஒரு சிறு பகுதி. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும்போது அவ்வளவு மெல்லிய இடைவெளிக்குள் அது ஓடவே ஓடாது, பாதி வழியில் உறைந்துவிடும். ஆகவே கிட்டில் வரும் இறக்கையின் பின் விளிம்பு கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரை இருக்கும். 0.4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அசல் அளவில் அது மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள பலகை. கத்தி போலக் கூர்மையாக இருக்க வேண்டிய இடம் அது. இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் உட்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்குவது, அனுபவமுள்ளவர்கள் தவறவிடாத முதல் வேலை.

எடையில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். நீளம் 72 மடங்கு குறைந்தால் பரப்பு 72-இன் இருமடி, அதாவது 5,184 மடங்கு குறையும். பருமன் மும்மடி, 3,73,248 மடங்கு குறையும். போருக்குப் புறப்படும் முதல் வகை ஸ்பிட்ஃபயரின் எடை ஏறத்தாழ இரண்டே முக்கால் டன். அதை மூன்றே முக்கால் லட்சத்தால் வகுத்தால் ஏழு கிராம் சொச்சம்! உள்ளங்கையில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயர் இந்தக் கணக்கைவிட எப்போதும் கனமாகத்தான் இருக்கும். இந்த மும்மடிக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகாயக் கப்பல்களைப் பற்றிப் பேசும்போது அது மறுபடி வரும்.

தகடுகள் சேரும் கோடுகளைப் பற்றி மாதிரி கட்டுபவர்களிடையே ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. கிட்டில் 0.15 மில்லிமீட்டர் அகலத்தில் பள்ளமாக வெட்டப்பட்ட கோடு, அசலில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான வாய்க்கால். உண்மையான விமானத்தில் அப்படி இருந்தால் யாரும் அதில் ஏற மாட்டார்கள். கோடே வேண்டாம் என்பது ஒரு கட்சி. கோடு இல்லாவிட்டால் அது பொம்மை என்பது இன்னொரு கட்சி. இதைக் கண்ணின் திறனை வைத்து யோசிக்கலாம். மாதிரியை 40 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பது, அசலை 29 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். நல்ல கண்ணால் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய ஒரு பாகைத்துளி, அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, இடைவெளி வேண்டும். 29 மீட்டரில் அது எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தகட்டின் இடுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்பதால் பள்ளம் பள்ளமாகத் தெரியாது. ஆனால் இடுக்கில் படிந்த எண்ணெயும் அழுக்கும் மெல்லிய நிழல்கோடாகத் தெரியும். நான் இதில் நடுவழிக்காரன்: கோடு இருக்கட்டும், ஆனால் அதில் கறுப்பை ஊற்றாதீர்கள். விமானத்தின் நிறத்தைவிட ஓரிரு படி மட்டும் அடர்ந்த வண்ணத்தை நீர்த்துவிட்டால் போதும்.

இனி பிளாஸ்டிக்குக்கு வருவோம். இந்தப் பொழுதுபோக்கின் மிகச் சுவையான அறிவியல் அதில்தான் ஒளிந்திருக்கிறது.

பிளாஸ்டிக் மாடலுக்கான பசை உண்மையில் பசையே அல்ல. அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும் ஒரு திரவம். அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்றவை அதில் இருக்கும். பாலிஸ்டைரீன் மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. அவை இடியாப்பம் போல ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. திரவம் பட்டதும் இரண்டு துண்டுகளின் மேற்பரப்பிலும் சங்கிலிகள் தளர்ந்து அசையத் தொடங்குகின்றன. துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால் இந்தப் பக்கத்துச் சங்கிலிகள் அந்தப் பக்கத்துக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். பிறகு திரவம் ஆவியாகிப் போய்விடும். இடையில் பசை என்று எதுவும் மிஞ்சாது. இரண்டு துண்டுகள் ஒரே துண்டாகியிருக்கும். உலோகத்தில் பற்றவைப்பு செய்யும் வேலையை இங்கே அறை வெப்பநிலையில் ஒரு தூரிகை செய்துவிடுகிறது.

அந்தத் தூரிகையை எப்படித் தொட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். விமான உடலின் இரண்டு பாதிகளையும் முதலில் உலர்வாகவே சேர்த்துப் பிடிக்க வேண்டும். தண்ணீரைப் போல ஓடும் மெல்லிய பசையில் தூரிகை நுனியை நனைத்து, மூட்டின் ஓரிடத்தில் மட்டும் தொட வேண்டும். தொட்ட மாத்திரத்தில் திரவம் இடுக்கின் வழியே தானாக ஓடும். அந்த ஈரக் கோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னேறி நிற்பது கண்ணுக்குத் தெரியும். நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்தது இதுவே. இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு தூரம் இழுக்கும். மூட்டின் மேல் விரல் இருந்தால் விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில் உள்ள இடுக்கும் ஓர் இடுக்குதானே, பசை அங்கேயும் பாயும். விரலை எடுக்கும்போது ரேகை முழுதும் இறக்கையில் பதிந்திருக்கும். சுருக்கப்பட்ட உலகத்தில் சுருங்காத இயற்பியல் நமக்கு உதவி செய்யும் இடமும் இது, கெடுதல் செய்யும் இடமும் இது.

மூட்டு நன்றாக இறுகியதுபோல் தெரிந்தாலும் திரவம் முழுதும் வெளியேறப் பல நாள்கள் பிடிக்கும். அவசரப்பட்டு அன்றே பட்டி போட்டுத் தேய்த்து வண்ணம் அடித்தால், சில வாரங்களில் மூட்டு உள்வாங்கி, மறைத்த கோடு மறுபடி மேலே வந்து நிற்கும்.

முதல் உலகப் போரின் இரட்டை இறக்கை விமானங்களைக் கட்டுபவர்கள் அறிந்த இன்னொரு வித்தை இருக்கிறது. அந்த விமானங்களின் இறக்கைகளுக்கு இடையில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் உண்டு. அவற்றுக்கு நைலான் தூண்டில் இழையைப் பயன்படுத்துகிறவர்கள் பலர். பழைய முறையோ, கிட்டில் உதிரிபாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் குச்சியிலிருந்தே இழையை உருவாக்குவது. குச்சியின் நடுப்பகுதியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பளபளப்பு ஏறித் தொய்யத் தொடங்கும் நொடியில் சுடரிலிருந்து விலக்கி இரு பக்கமும் இழுத்தால் முடியிழை அளவுக்கு மெல்லிய நூல் கிடைக்கும். வேகமாக இழுத்தால் மெல்லிசாக வரும், மெதுவாக இழுத்தால் தடிமனாக வரும்.

அந்த நூலை இறக்கைகளுக்கு இடையில் ஒட்டும்போது கொஞ்சம் தொய்வாக இருந்தாலும் கவலையில்லை. ஒட்டிய இடம் காய்ந்த பின், கனிந்துகொண்டிருக்கும் ஊதுபத்தியின் முனையை நூலுக்கு அருகே, தொடாமல், கொண்டுபோக வேண்டும். தொய்ந்திருந்த நூல் கண் முன்னே விறைத்து நேராகும். பொதுவாகப் பொருள்கள் சூடானால் நீளும் என்றுதான் படித்திருக்கிறோம், இது சுருங்குகிறது. இழுக்கும்போது சுருண்டு கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் நூலின் திசையில் நீண்டுகொண்டன. சுருள்வதற்கு நேரம் கிடைப்பதற்குள் பிளாஸ்டிக் குளிர்ந்து அவற்றை அதே நிலையில் உறையவைத்துவிட்டது. பாலிஸ்டைரீன் நூறு டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். ஊதுபத்தியின் வெப்பம் அந்த எல்லையைத் தொட்டதும் சங்கிலிகளுக்கு விடுதலை. நேராக நிற்கும் வழி ஒன்றுதான், சுருண்டு கிடக்கும் வழிகளோ எண்ணிலடங்கா. ஆகவே அவை சுருளும் பக்கமே போகின்றன. இழுத்த ரப்பர் திரும்பிச் சுருங்குவதும் இதே என்ட்ரோப்பியின் வேலைதான். அரை நொடி கூடுதலாகக் காட்டினால் நூல் அறுந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சூப்பர் குளூவின் கதை வேறு. சயனோஅக்ரிலேட் காற்றிலுள்ள ஈரத்தைத் தூண்டுகோலாக வைத்து இறுகும் பொருள். அது இறுகும்போது எழும் ஆவி பக்கத்தில் உள்ள மேற்பரப்பில் படிந்து அங்கேயே வெள்ளைப் படலமாக உறையும். விமானி அறையின் கண்ணாடி மூடியை அதால் ஒட்டினால் மறுநாள் உள்ளே பனி படர்ந்ததுபோல் இருக்கும். விரல் பட்ட இடங்களில் வெண்மை இன்னும் அடர்த்தியாகத் தெரியும். கைரேகையை எடுக்கக் காவல்துறைத் தடயவியல் பிரிவினர் இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடிக்குத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையே நல்லது. அதற்கு முன் மூடியைத் தெளிவான அக்ரிலிக் திரவத்தில் ஒருமுறை முக்கி எடுத்தால் நுண்கீறல்களில் அது நிரம்பிக்கொள்ளும். கீறல் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் அதற்குள் உள்ள காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1, பாலிஸ்டைரீனுடையது ஏறத்தாழ 1.59. இடையில் 1.49 உள்ள அக்ரிலிக் நிரம்பினால் ஒளி சிதறுவது வெகுவாகக் குறையும்.

சின்னங்களுக்கான தண்ணீர் ஸ்டிக்கர்களிலும் காற்றே எதிரி. மங்கலான வண்ணப்பூச்சு என்பது நுணுக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமுமான பரப்பு. அதன் மேல் படலத்தை ஒட்டினால் பள்ளங்களில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளியாய் மினுங்கும். அதனால்தான் இறுதியில் மங்கலாக இருக்க வேண்டிய விமானத்துக்குக்கூட முதலில் பளபளப்பான வார்னிஷ் அடித்து, ஸ்டிக்கரை ஒட்டி, அதன் பிறகே மங்கல் பூச்சு அடிக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வழக்கமான விளக்கம் உண்டு. அசல் விமானத்தின் வண்ணத்தை அப்படியே மாதிரிக்கு அடித்தால் அது இருண்டு தெரியும், ஆகவே கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்பார்கள். காரணம் கேட்டால், இடையில் உள்ள காற்று தொலைவுப் பொருளை வெளிறச் செய்கிறது என்பார்கள். தொலைவிலுள்ள மலை நீலமாய் வெளிறுவது அப்படித்தான். ஆனால் நாம் பார்ப்பது 29 மீட்டருக்குச் சமமான தொலைவு. தெளிவான காற்று அதற்குள் எதையும் வெளிறச் செய்வதில்லை. கலப்பது சரி, சொல்லும் காரணம் பொருந்தவில்லை. பெரிய பரப்பில் பூசிய நிறம், அதே நிறம் சிறு பரப்பில் தெரிவதைவிட வெளிச்சமாகத் தோன்றும் என்பது காட்சி ஆய்வில் அறியப்பட்ட ஒன்று. கடையில் அட்டையில் தேர்ந்தெடுத்த சுவர் வண்ணம் வீட்டுச் சுவரில் வேறாகத் தெரிவதும் இதனால்தான்.

அசல் நிறம் எது என்று கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். சான்று பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது, நீலத்தை மிகுதியாக உணரும். அந்தப் படங்களில் பிரிட்டிஷ் விமானச் சின்னத்தின் நடுச் சிவப்பு கறுப்பாகவும், வெளி நீலம் வெளிறியும், மஞ்சள் இருண்டும் விழும். எந்தச் சுருளில் எடுத்தது என்று தெரியாமல் நிறத்தை முடிவு செய்தால் தலைகீழாகப் போய்விடும்.

சிவப்பு தொடர்பாக நம் பக்கத்துக் கதை ஒன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆவது அணி, கேட்டலினா என்னும் பறக்கும் படகுகளோடு சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியில் இருந்தது. இலங்கையில் கொக்கல கடற்கழி அதே வகை விமானங்களின் தளம். ஜப்பானிய விமானங்களின் அடையாளம் சிவப்பு வட்டம் என்பதால், எந்தச் சிவப்பைக் கண்டாலும் நம் பக்கத்துத் துப்பாக்கியே சுட்டுவிடும் என்ற அச்சம் இருந்தது. தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் பிரிட்டிஷ் சின்னத்தின் நடுச் சிவப்பையே நீக்கிவிட்டு நீலமும் வெளிர் நிறமும் மட்டும் வைத்தார்கள். செங்குன்றத்துக் கேட்டலினாவை 1/72-இல் கட்ட விரும்பினால் 44 சென்டிமீட்டர் அகல இறக்கைக்கு அலமாரியில் இடம் பார்ப்பதோடு, பெட்டியில் வரும் சிவப்பு வட்டத்தை விலக்கிவைக்கவும் வேண்டும்.

இடத்தைப் பற்றிப் பேசினால் ஆகாயக் கப்பலுக்குத்தான் போக வேண்டும். ஹிண்டன்பர்க் கப்பலின் நீளம் 245 மீட்டர். 1/72-இல் அது 3.4 மீட்டர், ஒரு சிறிய அறையின் சுவரிலிருந்து சுவர் வரை. ரெவெல் நிறுவனம் அதை 1/720-இல் கிட்டாக வெளியிட்டது. 34 சென்டிமீட்டர், மடியில் வைத்துக் கட்டலாம். 1915 மே 31 இரவில் லண்டன் மீது முதல் முறையாகக் குண்டு போட்ட எல்.இசட். 38 போன்ற போர்க்கால செப்பலின்கள் 163.5 மீட்டர், 1/350 அளவில் 47 சென்டிமீட்டர்.

இந்தக் கப்பல்கள் ஏன் இவ்வளவு பெரியவை? இதற்கு விடையை மாதிரியைச் சுருக்கிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஹிண்டன்பர்க்கில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன் இருந்தது. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஒரு கிலோவுக்குச் சற்று மேலான எடையைத் தூக்கும்; மொத்தம் 220 டன்னுக்கு மேல். அதையே 1/72-க்குச் சுருக்கினால் கொள்ளளவு அரைக் கன மீட்டருக்குச் சற்று மேல், தூக்கும் எடை 600 கிராம். தோலின் பரப்போ 5,184 மடங்கு மட்டுமே குறைந்து சுமார் 5 சதுர மீட்டராக நிற்கும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிஸ்டைரீனில் அந்தத் தோலைச் செய்தால் ஐந்து கிலோ. பறக்கிற பேச்சே இல்லை. செய்தித்தாளில் செய்தால் கால் கிலோவுக்குள் அடங்கும். மிதக்கும், சட்டத்துக்கும் எடை மிஞ்சும். இன்னும் பத்து மடங்கு சுருக்கி 1/720-க்குப் போனால் உள்ளே அரை லிட்டர் வாயு, தூக்குவது அரை கிராம் சொச்சம். செய்தித்தாள் தோலே இரண்டு கிராமைத் தாண்டிவிடும், மூழ்கிப்போகும். ஒரே வடிவம், ஒரே காகிதம், ஒரே வாயு. அளவு மட்டும் மாறும்போது மிதப்பது மூழ்குகிறது. தூக்கும் திறன் மும்மடியில் வளர, தோலின் எடை இருமடியில் மட்டும் வளர்வதால், பெரிதாகக் கட்டுகிறவனுக்கே ஆதாயம். 1900 ஜூலை 2-இல் போடன்சே ஏரிக்கு மேல் எழும்பிய செப்பலின் பிரபுவின் முதல் கப்பலே 128 மீட்டர் நீளமாக இருந்ததன் பொருள் இதுதான். ஹைட்ரஜனை வைத்து வீட்டில் யாரும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். காகிதத்தில் போட்ட கணக்கே போதும்.

ஹிண்டன்பர்க் கிட்டுக்கு வெள்ளி வண்ணம் அடிக்கும்போதும் வாயுவை நினைத்துக்கொள்ள வேண்டும். அசலின் துணிப் போர்வையில் அலுமினியத் தூள் கலந்த பூச்சு இருந்தது வெயிலைத் திருப்பி அனுப்பத்தான். வாயு ஒரு டிகிரி சூடானால் இரண்டு லட்சம் கன மீட்டர் சுமார் 700 கன மீட்டர் பெருகும். கலங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அவ்வளவும் வெளியே விடப்படும், இரவில் குளிர்ந்ததும் முக்கால் டன்னுக்கு மேல் மிதப்பு குறைந்திருக்கும். அது துணியின் மேல் பூசிய தூள் என்பதால் குரோமியம் போல மின்னாது. மங்கிய வெள்ளிதான் சரி. குறுக்குவெட்டில் கப்பல் வட்டமும் அல்ல, 36 பக்கங்கள் கொண்ட பலகோணம். 1/720-இல் ஒவ்வொரு பக்கமும் ஐந்து மில்லிமீட்டருக்குள்தான் வரும். ஒன்றுவிட்டு ஒன்றில் வெள்ளியின் சாயலைச் சற்றே மாற்றினால் துணி சட்டங்களுக்கிடையே இழுத்துக் கட்டப்பட்டது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மாதிரிகள் பொழுதுபோக்குக்காரர்களுடையவை மட்டுமல்ல. அமெரிக்கக் கடற்படையின் ஆக்ரான் ஆகாயக் கப்பலுக்காக லாங்லி விமான ஆய்வகத்தில் இருந்த காற்றுச் சுரங்கத்தில் 1/40 அளவில், ஏறத்தாழ ஆறு மீட்டர் நீள மாதிரியை வைத்து விசைகளை அளந்தார்கள். அங்கேயும் காற்று சுருங்க மறுத்தது. காற்று ஒரு பொருளைச் சுற்றி எப்படி ஓடும் என்பதை நீளமும் வேகமும் காற்றின் அடர்த்தியும் சேர்ந்த ரேனால்ட்ஸ் எண் தீர்மானிக்கிறது. நீளம் 40 மடங்கு குறைந்தால் அதே ஓட்டத்தைப் பெற வேகம் 40 மடங்கு கூட வேண்டும். ஆக்ரானின் உச்ச வேகம் மணிக்கு 127 கிலோமீட்டர். 40 மடங்கு என்றால் 5,000 கிலோமீட்டருக்கு மேல், ஒலியின் வேகத்தைப் போல் நான்கு மடங்கு. அந்த வேகத்தில் காற்றின் குணமே வேறு. இதற்குக் காற்றியக்க ஆய்வாளர் மாக்ஸ் மங்க் கண்ட வழி அழகானது: வேகத்தைக் கூட்டாமல் காற்றை அடர்த்தியாக்குவது. லாங்லியில் 1920-களின் தொடக்கத்தில் அமைத்த அவருடைய சுரங்கத்தில் காற்றை இருபது வளிமண்டல அழுத்தத்துக்கு அமுக்கி, சிறு மாதிரியைப் பெரிய விமானம் போல நடக்கவைத்தார்கள்.

ஆக்ரான் 1933 ஏப்ரல் 4-இல் நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் புயலில் விழுந்தது. 76 பேரில் 73 பேர் இறந்தனர். அதன் தங்கைக் கப்பலான மேக்கான் 1935 பிப்ரவரி 12-இல் கலிஃபோர்னியாவின் பாயின்ட் சர் முனைக்கு அப்பால் மேல் வால் செட்டை பிய்ந்துபோய்க் கடலில் இறங்கியது. 83 பேரில் இருவரைத் தவிர அனைவரும் பிழைத்தனர். வடிவமைப்பின்போது, கீழ்ச் செட்டை கட்டுப்பாட்டு அறையிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செட்டைகளின் வடிவத்தை மாற்றினார்கள். மாற்றத்துக்குப் பின் அவற்றின் முன் முனை கப்பல் சட்டத்தின் முதன்மை வளையத்தில் போய்ச் சேரவில்லை. இந்தக் கப்பலின் மாதிரியைக் கட்டுகிறவர் செட்டையைச் செதுக்கி உடலோடு பொருத்தும்போது, அது எந்த வளையத்தில் நின்றது, எதைத் தொடவில்லை என்று வரைபடத்தில் தேடியே ஆக வேண்டும். விபத்து விசாரணையின் மையக் கேள்வி ஒன்று அவர் கையில் வந்து நிற்கும்.

இந்த இரண்டு கப்பல்களும் வயிற்றுக்குள் விமானங்களைச் சுமந்தவை. ஸ்பாரோஹாக் என்ற சின்னஞ்சிறு இரட்டை இறக்கை விமானம், மேல் இறக்கைக்கு மேலே ஒரு கொக்கியோடு, கப்பலின் வேகத்துக்குச் சமமாகத் தன் வேகத்தைக் கொண்டுவந்து, கீழே தொங்கும் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பிறகு டி வடிவத் திறப்பின் வழியே உள்ளே தூக்கப்படும். மேக்கானோடு நான்கு ஸ்பாரோஹாக்குகள் கடலடிக்குப் போயின. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆழ்கடல் ஒளிப்படங்களில் அவை கிடப்பது தெரிந்தது. அந்த வகையில் எஞ்சிய ஒன்று ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இறக்கை விரிவு எட்டு மீட்டருக்கும் குறைவு. 1/72-இல் பதினொரு சென்டிமீட்டர். தாய்க்கப்பலை அதே அளவில் கட்டினால் 3.3 மீட்டர் வேண்டும். இதற்கு மாதிரி கட்டுபவர்கள் கண்ட தீர்வு, கப்பலை விட்டுவிட்டு அதன் அடிவயிற்றில் ஒரு துண்டை மட்டும், தொங்கு சட்டத்தோடு கட்டுவது.

மேக்கானிலிருந்து புறப்பட்ட ஸ்பாரோஹாக்குகளின் சக்கரங்களையே சில சமயம் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டியை மாட்டினார்கள். கப்பலிலிருந்து கிளம்பிக் கப்பலுக்கே திரும்பும் விமானத்துக்குச் சக்கரம் வீண் சுமை. கழற்றியதால் கிடைத்தது கூடுதல் தூரம். அந்த நிலையில் அதைக் கட்டினால் மாதிரியை மேசையில் நிறுத்த வழியில்லை, கொக்கியில்தான் தொங்கவிட வேண்டும். கிட்டில் வரும் பிளாஸ்டிக் கொக்கியை அதற்கு நம்பக் கூடாது. பாலிஸ்டைரீன் உடனே உடையாவிட்டாலும், ஓயாத சுமையின் கீழ் மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொடுக்கும் குணம் உடையது. கோடைக் காலத்தில் இன்னும் வேகமாக வளையும். அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வளைத்து, இறக்கையின் நடுப்பகுதியில் நுண்துளையிட்டு, விமான உடலுக்குள் வரை செலுத்தி ஒட்டுவதே சரி. மூக்குப் பக்கம் தாழாமல் விமானம் மட்டமாகத் தொங்க, கொக்கி சரியாக ஈர்ப்பு மையத்துக்கு மேலே வர வேண்டும். அந்த இடத்தை ஒட்டுவதற்கு முன்பே, ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.